68ஐத் தலைகீழாக வைத்தால் 89: வேலையிடத்தில் தவறு நேராதபடி அமைப்பது எப்படி?

தமிழ்நாடு-கேரள எல்லையில், குமுளிக்கு மேலே ஓர் ஏலக்காய் ஸ்டோரில் நான் கணக்கு எழுதப் போன இரண்டாவது வருஷம். ஸ்டோர் என்றால் இந்தப் பக்கத்தில் கடை இல்லை, பச்சைக்காயை உலர்த்தும் கட்டடம். சொந்த ஸ்டோர் இல்லாத சிறு விவசாயிகள் காயைக் கொண்டுவந்து கூலிக்கு உலர்த்திக்கொண்டு போவார்கள். ஒவ்வொருவர் காய்க்கும் ஓர் எண் உண்டு. அதைச் சாக்கின் மேல் மார்க்கரால் எழுதி வைப்போம்.

ஒரு நாள் சாயங்காலம் 68ஆம் எண்காரர் தன் சாக்கைப் பிரித்தார், கையில் அள்ளிப் பார்த்தார், "இது என் காய் இல்லை" என்றார். அவருடையது நல்ல பருமனான, கரும்பச்சைக் காய். சாக்கில் இருந்தது வெளிறிய சின்னக் காய். தேடிப் பார்த்தால் அவர் காய் 89ஆம் எண்காரரோடு காலையிலேயே மலை இறங்கிவிட்டது. சாக்கை எடுத்துக் கொடுத்தவன் கம்பத்திலிருந்து வந்த ஒரு பையன். இரண்டு நாள் கூலியைப் பிடித்தார்கள். "கண்ணை எங்கே வைத்திருந்தாய்?" என்று நானும் சேர்ந்து கேட்டேன்.

அடுத்த பருவத்துக்கு அவன் வரவில்லை. அவன் இடத்துக்கு வந்தவர் பத்து வருஷம் சாக்கு தூக்கியவர், நிதானமானவர். அவரும் 16க்குப் பதில் 91ஐ எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு ராத்திரிதான் கிடங்கில் நின்று அடுக்கை ஒழுங்காகப் பார்த்தேன். சாக்குகளை வாய்ப்பக்கம் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே என்று மாற்றி மாற்றி வைத்தால்தான் அடுக்கு சாயாது. அப்படியென்றால் பாதிச் சாக்குகளில் எண் தலைகீழாகத்தான் இருக்கும். 68ஐத் திருப்பினால் 89. 16ஐத் திருப்பினால் 91. அந்தப் பையன் சாக்கில் தெரிந்ததைச் சரியாகவே படித்திருக்கிறான்.

மறுநாளிலிருந்து எண்ணுக்குக் கீழே ஒரு தடித்த கோடு போட ஆரம்பித்தோம். கோடு எந்தப் பக்கமோ அதுதான் கீழ்ப்பக்கம். அந்தக் குழப்பம் அதோடு நின்றது.

ஆள் மாறியும் தவறு மாறவில்லை என்றால், அந்தத் தவறை வேலை நடக்கும் விதம் உண்டாக்குகிறது என்று அர்த்தம். புதிதாக மேற்பார்வைக்கு வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏலக்காய் ஸ்டோர், பேக்கிங் கொட்டகை, மருந்துக்கடை, வொர்க்‌ஷாப், லாரி புக்கிங் ஆபீஸ் எதுவாக இருந்தாலும் முறை ஒன்றுதான். உதாரணங்கள் மட்டும் எனக்குத் தெரிந்த ஏலக்காயிலிருந்து வரும்.

படி 1: சரக்கோடு கூடவே நடங்கள்

ஆபீஸில் உட்கார்ந்து வேலையை வரிசையாக எழுதினால், நடக்க வேண்டியதைத்தான் எழுதுவீர்கள். நடப்பது வேறு. ஒரு சாக்கைத் தேர்ந்தெடுங்கள். அது ஜீப்பிலிருந்து இறங்கும் நிமிஷத்திலிருந்து மறுபடி வெளியே போகும்வரை அதன் பின்னாலேயே போங்கள். நோட்டும் பேனாவும் போதும். யாரையும் திருத்தாதீர்கள், "இது தப்பாச்சே" என்று சொல்லாதீர்கள். சொன்னால் உடனே எல்லோரும் உங்களுக்காக நடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

எங்கள் ஸ்டோரில் அப்படி நடந்தபோது வந்த வரிசை இது: இறக்குவது, எடை போடுவது, கழுவுவது, தட்டில் பரப்புவது, டிரையருக்குள் ஏற்றுவது, இறக்கி ஆறவைப்பது, காம்பும் தூசியும் போகத் தேய்ப்பது, சல்லடையில் ரகம் பிரிப்பது, கையால் பொறுக்குவது, சாக்கில் கட்டுவது, அடுக்குவது. பதினொரு இடம். ஒவ்வொரு இடத்திலும் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே கை மாறுகிறதா? இந்தச் சரக்கு யாருடையது என்று இந்த இடத்தில் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள்? இங்கே தவறு நடந்தால் அது எங்கே போய் வெளியே தெரியும்?

இரண்டாவது கேள்விதான் எங்களுக்குக் கண்ணைத் திறந்தது. எண் சாக்கின் மேல் இருந்தது. கழுவும் இடத்திலேயே காய் சாக்கை விட்டு வெளியே வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஒரு பகல் ஓர் இரவு, காய் தட்டில் எண்ணே இல்லாமல் கிடக்கிறது. வெற்றுச் சாக்கு ஒரு மூலையில் எண்ணோடு கிடக்கிறது. நடுவில் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தது டிரையர் பார்க்கும் அண்ணனின் ஞாபகம் மட்டும்தான். "மேல் மூன்று தட்டு தங்கமலைக்காரர், கீழே ரெண்டு தட்டு புளியமரத்து வீட்டார்" என்று அவர் மனதில் ஒரு வரைபடம் வைத்திருந்தார். அவருக்குக் காய்ச்சல் வந்த நாளில் அந்த வரைபடமும் கட்டிலில் படுத்துவிட்டது.

தகரத்தில் எண் அடித்த வில்லைகள் செய்தோம். பச்சைக்காய் எடை போடும்போது எத்தனை தட்டு வருமோ அத்தனை வில்லை. ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் ஒன்று கோத்துவிடுவோம். காய் போகும் இடத்துக்கெல்லாம் வில்லையும் போகும், கடைசியில் சாக்கு கட்டும்போது அத்தனையும் திரும்பி வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஒரு தட்டு வேறெங்கோ போயிருக்கிறது.

இந்த ஒரு படிக்கு மூன்று நாள் செலவழித்தாலும் நஷ்டமில்லை. பெரும்பாலானோர் இதை அரைமணி நேரத்தில் முடித்துவிட்டு நேரே அறிவிப்புப் பலகை எழுதப் போய்விடுகிறார்கள்.

படி 2: தப்பியவற்றையும் எழுதி வையுங்கள்

நடந்த தவறுகள் எண்ணிக்கையில் கொஞ்சம்தான். நடக்கவிருந்து கடைசி நிமிஷத்தில் யாரோ பார்த்துத் தடுத்தவை ஏராளம். "நல்ல வேளை, தைக்கறதுக்கு முன்னாடி பாத்துட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அதை அப்படியே காற்றில் விட்டுவிடாதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, சாப்பிடும் இடத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். தேதி, இடம், என்ன ஆகவிருந்தது, எப்படித் தெரிந்தது, இந்த நான்கு மட்டும். பெயருக்கு இடமே வைக்காதீர்கள். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

தவறுக்குக் கூலி பிடிக்கும் இடத்தில் இந்த நோட்டு காலியாகவே இருக்கும். இதை நான் உறுதியாகச் சொல்வேன். கூலி பிடித்தால் தவறு குறையாது, தவறைப் பற்றிய சேதிதான் குறையும். அமெரிக்காவில் 1976இலிருந்து விமானிகள் தங்கள் தவறுகளையும் தப்பித்த சம்பவங்களையும் நாசாவுக்கு எழுதி அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. உரிமம் கொடுக்கும், பறிக்கும் துறை வேறு. அறிக்கை வாங்கும் இடம் வேறு. பெயரை நீக்கிவிட்டுத்தான் தொகுப்பில் சேர்க்கிறார்கள். நம் ஊர்க் கொட்டகைக்கு நாசா வேண்டாம். தண்டிக்கும் ஆளும் நோட்டைப் படிக்கும் ஆளும் ஒருவரே இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். முதலாளியிடம் முதலிலேயே பேசி, "நோட்டில் வந்ததற்குக் கூலி பிடிக்க மாட்டோம்" என்று எல்லோர் முன்னாலும் அவர் வாயால் சொல்ல வையுங்கள்.

எடையில் ஏமாற்றுவது, காயைத் திருடுவது எல்லாம் இதில் சேராது. அது தவறு இல்லை, குற்றம். இரண்டையும் ஒரே நோட்டில் கலக்காதீர்கள்.

படி 3: என்ன வகைத் தவறு என்று பிரியுங்கள்

ஜேம்ஸ் ரீசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் மனிதத் தவறுகளைப் பிரித்துக் காட்டிய விதம் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. நம் வேலைக்கு நான்கு வகை போதும்.

முதலாவது, கை பிசகுவது. செய்ய நினைத்தது சரி, கை வேறொன்றைச் செய்துவிட்டது. 7 மி.மீ. காயை 8 மி.மீ. காய்க் கூடையில் கொட்டுவது இந்த வகை. இரண்டாவது, மறப்பது. அடுப்புக் கதவைச் சாத்த மறப்பது, வில்லையை எடுக்காமல் விடுவது. மூன்றாவது, தெரியாமல் செய்வது. கரிங்காய் (பறிக்கும் பருவத்துக்கு வந்த காய்) எது, இளங்காய் எது என்று பழகாத ஆள் எல்லாவற்றையும் ஒன்றாகவே பறித்துக்கொண்டு வருவார். நான்காவது, தெரிந்தே முறையை மீறுவது.

எதற்காகப் பிரிக்க வேண்டும் என்றால், மருந்து வேறு வேறு. தெரியாமல் செய்பவருக்குத்தான் பயிற்சி உதவும். கை பிசகியவரை உட்கார வைத்து இரண்டு மணி நேரம் பாடம் எடுத்தால் அவருக்கு வருத்தம்தான் மிச்சம், அவருக்கு அதெல்லாம் நம்மைவிட நன்றாகத் தெரியும். சொல்லப்போனால், கை பிசகுவது பழகியவர்களுக்கே அதிகம். பழகின வேலையைக் கை தானாகச் செய்யும், மனம் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை யோசித்துக்கொண்டிருக்கும்.

நான்காவது வகையில் அவசரப்பட்டு யாரையும் திட்டாதீர்கள். உலர்ந்த காயை இரண்டாம் முறை எடை போட வேண்டும் என்று எங்களிடம் ஒரு விதி இருந்தது. யாரும் போடுவதில்லை. ஏன் என்று ஒரு அக்காவிடம் கேட்டேன். "தராசு மேல்மாடில இருக்கு தம்பி, ஒவ்வொரு சாக்கையும் தூக்கிட்டு ஏறி எறங்கினா, அஞ்சு மணி ஜீப்பு எங்களை விட்டுட்டுப் போயிடும்" என்றார். கம்பம், கூடலூர்ப் பக்கத்திலிருந்து விடிவதற்கு முன் கிளம்பி வருகிறவர்கள் அவர்கள். ஜீப்பை விட்டால் ராத்திரி வீடு போய்ச் சேர வழியில்லை. தராசைக் கீழே கொண்டுவந்தோம். விதியை அதற்கப்புறம் யாரும் மீறவில்லை.

படி 4: மருந்துகளை வரிசைப்படி முயலுங்கள்

தவறு தெரிந்ததும் நம் வாயில் முதலில் வருவது "இனிமேல் கவனமாக இருங்கள்" என்பதுதான். அது இந்த வரிசையின் கடைசியில் இருக்க வேண்டியது. மேலிருந்து கீழே வாருங்கள். மேலே உள்ளது முடியாது என்று தெரிந்த பிறகே அடுத்ததற்கு இறங்குங்கள்.

*தவறுக்கு வழியே இல்லாமல் செய்ய முடியுமா?* திருப்பினால் இன்னோர் எண்ணாக மாறும் எண்களையே கொடுக்காமல் விடலாம். இரண்டு விதச் சாக்கு இருப்பதால் குழப்பமா? ஒரே விதச் சாக்கு வாங்குங்கள். ஒரே பெயரில் இரண்டு விவசாயிகள் இருந்தால் பெயரால் கூப்பிடுவதையே நிறுத்தி எண்ணால் கூப்பிடுங்கள்.

*தவறாகச் செய்தால் பொருந்தாதபடி செய்ய முடியுமா?* வீட்டிலுள்ள மூன்று முள் பிளக்கைப் பாருங்கள். எர்த் முள் தடியாகவும் நீளமாகவும் இருக்கும். திருப்பிச் செருக முடியாது. செருகும்போது எர்த்துதான் முதலில் தொடும், பிடுங்கும்போது அதுதான் கடைசியில் விடும். போனில் போடும் சிம் அட்டையின் ஒரு மூலையை வெட்டியிருப்பதும் இதற்குத்தான். யாரும் இதற்கெல்லாம் பயிற்சி எடுத்துக்கொள்வதில்லை. எங்கள் ஸ்டோரில் 8 மி.மீ. காய்க் கூடையின் வாய்க்கு முன்னால் 8 மி.மீ. சல்லடையையே சரிவாகப் பொருத்தினோம். சின்னக் காயைத் தவறிக் கொட்டினால் அது கீழே ஒரு தட்டில் விழுந்துவிடும், பெரிய காய் மேலே தங்கிக் கூடைக்கு உருளும்.

*தவறினால் வேலை நின்றுவிடுமா, அல்லது சத்தம் போடுமா?* ஜப்பானில் சகிச்சி டொயோடா செய்த தறி, நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும். அதனால் ஒரே ஆள் பல தறிகளைப் பார்க்க முடிந்தது. டிரையருக்கு 45 முதல் 50 டிகிரிக்குள் சூடு இருந்தால் காயின் பச்சை நிறம் நிற்கும். மேலே போனால் நிறம் போய்விடும். ராத்திரி மூன்று மணிக்கு ஓர் ஆள் கண் விழித்து வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே இருப்பார் என்று நம்பி ஒரு லட்ச ரூபாய்ச் சரக்கை வைக்கக் கூடாது. 52 தாண்டினால் மணி அடிக்கும் கருவி ஒன்றைப் பொருத்துங்கள். செலவு ஒரு சாக்குக் காயின் விலையில் சிறு பங்கு.

*தவறு உடனே கண்ணில் படுமா?* இந்த வகையில் நான் மிகவும் மதிக்கும் உதாரணம் ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ 1961இல் செய்தது. ஒரு மின்சாதனத் தொழிற்சாலையில் சின்ன ஸ்விட்ச் ஒன்றுக்குள் இரண்டு ஸ்பிரிங் வைக்க வேண்டும். பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும்போது சில நேரம் ஒன்றை வைக்க மறந்துவிடுவார்கள். எத்தனை முறை எச்சரித்தும் நிற்கவில்லை. ஷிங்கோ ஒரு சின்னத் தட்டைக் கொண்டுவந்தார். முதலில் பெட்டியிலிருந்து இரண்டு ஸ்பிரிங்கை எடுத்துத் தட்டில் வை, பிறகு தட்டிலிருந்து எடுத்து ஸ்விட்சில் வை. தட்டில் ஒன்று மிஞ்சினால் வைக்க மறந்தாய் என்று தட்டே சொல்லிவிடும். எங்கள் தகர வில்லையின் தாத்தா அந்தத் தட்டுதான்.

இந்த மாதிரி ஏற்பாடுகளுக்கு அங்கே முதலில் பாகா-யோகே என்று பெயர். முட்டாள்தனத்தைத் தடுப்பது என்று பொருள். அதைக் கேட்ட ஒரு பெண் தொழிலாளி, "நான் முட்டாளா?" என்று அழுதுவிட்டாராம். 1963இல் பெயரை போகா-யோகே என்று மாற்றினார்கள், கவனப் பிசகைத் தடுப்பது. நீங்களும் உங்கள் ஏற்பாட்டுக்குப் பெயர் வைக்கும்போது, அதை வைத்து வேலை செய்யப்போகிறவரின் முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தொழிலில் தவறைக் கண்ணுக்குக் காட்டும் இன்னொரு வழியும் உண்டு. ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ வரும். அப்படியென்றால் 100 கிலோ இறக்கியவருக்கு 20 கிலோவை ஒட்டித்தான் வர வேண்டும். எங்கள் ஸ்டோரில் 17க்குக் கீழோ 24க்கு மேலோ வந்தால் சாக்கைத் தைக்கவே கூடாது என்று வைத்தோம். காய் முற்றியதா இளசா என்பதைப் பொறுத்து இது மாறும், உங்கள் காய்க்கு உங்கள் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். எந்தத் தொழிலிலும் உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் இப்படி ஓர் உறவு இருக்கும். அதைக் கண்டுபிடித்து விட்டால் அது உங்களுக்குச் சம்பளமில்லாத காவல்காரன்.

இதற்கெல்லாம் பிறகுதான் சரிபார்ப்புப் பட்டியல், அதற்கும் பிறகுதான் பயிற்சியும் எச்சரிக்கைப் பலகையும்.

படி 5: எல்லையில் பேச்சைத் தனியாகப் பாருங்கள்

நம் பக்கத்து வேலையிடங்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. மலையாளம் பேசுபவர் சொல்வார், தமிழ் பேசுபவர் கேட்பார். இரண்டு பேருக்கும் மற்றவர் மொழி புரியும் என்ற நம்பிக்கை. முக்கால்வாசி புரியும். அந்தக் கால்வாசியில்தான் ஆபத்து.

முதலாளி ஒரு ராத்திரி போனில், "சூடு கொறச்சு கூட்டணம்" என்றார். மலையாளத்தில் "குறச்சு" என்றால் கொஞ்சம். கொஞ்சம் கூட்ட வேண்டும் என்கிறார். மலையில் போன் விட்டு விட்டுத்தான் கேட்கும். நம் ஆள் காதில் விழுந்தது "சூடு கொறச்சு" மட்டும். தமிழ்க் காதுக்கு அது சூட்டைக் குறைக்கச் சொன்னது போலத்தான். குறைத்துவிட்டார். விடிந்து பார்த்தால் காய் ஈரத்தோடு நமுத்துக் கிடந்தது. யார் மேல் தவறு? சொன்னவர் தன் மொழியில் சரியாகச் சொன்னார், கேட்டவர் தன் மொழியில் சரியாகக் கேட்டார்.

அன்றிலிருந்து டிரையர் விஷயத்தில் கொஞ்சம், கூட, குறைய என்ற சொற்களையே தடை செய்தோம். எண் மட்டும்தான். "48 வை." கேட்டவர் "48 வைக்கிறேன்" என்று திருப்பிச் சொன்ன பிறகே போனை வைக்க வேண்டும். எண்ணிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பேச்சில் ஒம்பதும் அம்பதும் ஒன்று போலவே ஒலிக்கும், டிரையர் ஓடும் சத்தத்தில் சொல்லவே வேண்டாம். அதனால் எடை சொல்லும்போது இலக்கம் இலக்கமாகச் சொல்வோம்: "ஐந்து, பூஜ்யம்." தேதி என்றால் ஆங்கிலத் தேதி மட்டும். மலையாள மாதம் சிங்கமா, தமிழ் மாதம் ஆவணியா என்ற பேச்சே வேண்டாம். சீட்டுகளில் இரண்டு மொழியிலும் எழுத இடமில்லை என்றால் எண்ணும் படமும் போடுங்கள்.

திருப்பிச் சொல்வதும் வாய்விட்டுச் சொல்வதும் சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரித் தோன்றலாம். போடிக்குப் போகும் ரயிலில் எஞ்சின் ஓட்டுபவரும் உதவியாளரும் ஒவ்வொரு சிக்னலையும் கை காட்டி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் போகிறார்கள். ஜப்பான் ரயில்வேயில் இது பெரிய பழக்கம். அங்கே ரயில்வே ஆராய்ச்சி நிறுவனம் 1994இல் சோதித்துப் பார்த்தபோது, சும்மா செய்தால் 100 செயலுக்கு 2.38 தவறு, சுட்டிக்காட்டி வாய்விட்டுச் சொல்லிச் செய்தால் 0.38 தவறு.

படி 6: பட்டியல் எழுதினால் குட்டையாக எழுதுங்கள்

1935 அக்டோபர் 30இல் அமெரிக்காவில் போயிங்கின் புதிய குண்டுவீச்சு விமானம் ஒன்று சோதனைப் பறப்பில் மேலே எழும்பியதும் விழுந்தது. ஓட்டியவர்கள் கைதேர்ந்தவர்கள். விமானம் தரையில் நிற்கும்போது காற்றில் அசையாமலிருக்கப் போடும் பூட்டை எடுக்காமலே கிளம்பிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் விமானிகளுக்குப் புறப்படும்முன் படிக்கும் பட்டியல் வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பட்டியலில் 19 வரிகள்தான். டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைச் சோதித்தபோது இறப்பு நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8 ஆனது.

பட்டியல் எழுதும் புதியவர்கள் எல்லோரும் செய்வது, தெரிந்ததை எல்லாம் அதில் கொட்டுவது. முப்பது வரிப் பட்டியலை ஒரு வாரத்துக்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள், மாதக் கடைசியில் மொத்தமாக டிக் போடுவார்கள். மறந்தால் திரும்பச் சரிசெய்ய முடியாதவை எவையோ அவை மட்டும் இருக்கட்டும். வேலை இயல்பாக நிற்கும் ஓர் இடத்தில் அதைப் படிக்க வேண்டும். எங்களுக்கு அந்த இடம், ஏலத்துக்குப் போகும் சரக்கை வண்டியில் ஏற்றும் முன். போடிக்கானாலும் புற்றடிக்கானாலும் ஒரே பட்டியல்:

1. வில்லைகள் அத்தனையும் திரும்பிவிட்டனவா?
2. பச்சை எடைக்கும் உலர் எடைக்கும் கணக்கு பொருந்துகிறதா?
3. சாக்கின் எண்ணும் சீட்டின் எண்ணும் ஒன்றா? (கோடு கீழே)
4. உள்ளே பாலித்தீன் உறை கிழியாமல் இருக்கிறதா?
5. மாதிரிக் காய் எடுத்தது இதே சாக்கிலிருந்துதானா?

ஒருவர் படிப்பார், இன்னொருவர் சாக்கைத் தொட்டுக் காட்டிப் பதில் சொல்வார். படிப்பவர் பெரும்பாலும் அன்றைக்கு இருப்பவர்களில் இளையவர். பெரியவர்களைக் கேள்வி கேட்க அந்தப் பட்டியல் அவருக்கு அனுமதிச் சீட்டு.

"இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் தவறே வராது" என்று நம்பிவிடாதீர்கள். முதல் ஆள், அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று நினைப்பார். இரண்டாம் ஆள், முதல் ஆள் பார்த்திருப்பார் என்று நினைப்பார். உண்மையாகவே இரண்டு பார்வை வேண்டுமென்றால், முதல் ஆள் எழுதிய எடையை இரண்டாம் ஆளுக்குக் காட்டாமல் மறுபடி எடை போடச் சொல்லுங்கள். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் வையுங்கள்.

மறதிக்கு இன்னொரு சூட்சுமம்: முக்கியமான வேலை முடிந்த பிறகு வரும் சில்லறை வேலையைத்தான் மனம் மறக்கும். அதனால் பல ஏடிஎம்களில் கார்டை எடுத்த பிறகுதான் பணம் வரும். நீங்களும் சில்லறை வேலையை முன்னால் தள்ளுங்கள். அடுப்புக் கதவின் கொக்கியில் கிடங்குச் சாவியைத் தொங்கவிட்டோம். கதவைச் சாத்தினால்தான் சாவி கைக்கு வரும், சாவி வந்தால்தான் வீட்டுக்குப் போக முடியும்.

படி 7: சின்னதாகச் சோதியுங்கள்

நாம் நினைத்தது எல்லாம் வேலை செய்யாது. ரகத்துக்கு ஒன்றாகச் சிவப்பு நாடா, பச்சை நாடா என்று நான் ஒரு வருஷம் கட்டினேன். தவறுகள் கூடின. பெருமையோடு கொண்டுவந்த ஏற்பாடு என்பதால் ஒரு மாதம் ஆட்களைத்தான் குறை சொன்னேன். கடைசியில் சுமை தூக்கும் அண்ணன் ஒருவர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவருக்குச் சின்ன வயசிலிருந்தே சிவப்பும் பச்சையும் ஒன்று போலத்தான் தெரியுமாம். சொன்னால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்று மறைத்திருக்கிறார். நாடாவில் முடிச்சு போட்டோம். ஒரு முடிச்சு என்றால் 8 மி.மீ., இரண்டு என்றால் 7. இருட்டில் தடவிப் பார்த்தே சொல்லலாம்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் செய்ததும் இதுவே. தரையிறங்கிய விமானிகள் இறக்கை மடிப்பை ஏற்றுவதற்குப் பதில் சக்கரத்தை மடக்கிவிட்டார்கள். இரண்டு பிடிகளும் ஒரே மாதிரி, பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் சின்ன ரப்பர் சக்கரத்தையும் மற்றதில் ஆப்பு வடிவத் துண்டையும் அவர் ஒட்டினார். கை தொட்டவுடனே தெரிந்துவிடும்.

எதைக் கொண்டுவந்தாலும் ஒரு வாரம், ஒரு விவசாயியின் காயில் மட்டும் செய்து பாருங்கள். ஆட்களில் புதிதாக வந்தவரிடம் கொடுத்து, "இதை எப்படித் தப்பாகச் செய்யலாம், கண்டுபிடித்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். மழை பெய்து கரண்டு போன நாளில், ஹர்த்தாலுக்கு ஜீப் வராமல் பாதி ஆட்களே இருக்கும் நாளில் இந்த ஏற்பாடு தாங்குமா என்று பாருங்கள். நல்ல நாளில் எல்லா முறையும் நன்றாகத்தான் ஓடும்.

தவறு நடந்துவிட்ட நாளில்

முதலில் அந்தச் சரக்கைத் தனியே ஒதுக்குங்கள், அதோடு ஒன்றாக வந்ததையும் ஒதுக்குங்கள். சரக்குக்காரருக்கு அன்றைக்கே நீங்களே போன் செய்து சொல்லுங்கள். அடுத்தவர் வாயால் அவருக்குத் தெரிய வேண்டாம். அதற்கப்புறம்தான் விசாரணை. "ஏன் இப்படிச் செஞ்சீங்க?" என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் தற்காத்துக்கொள்ள ஆரம்பிப்பார். நான் கேட்கப் பழகிய கேள்வி இது: "அக்கா, அந்த நேரத்துல உங்க கண்ணுக்கு என்ன தெரிஞ்சுது?" அவர் நின்ற அதே இடத்தில் அவர் கூடவே நின்று கேளுங்கள். முடிந்தால் அதே நேரத்தில், அதே வெளிச்சத்தில். அவர் சொல்லும் பதிலில் பெரும்பாலும் நீங்கள் மாற்ற வேண்டிய பொருள் ஒன்று இருக்கும்: ஒரு எண், ஒரு பல்பு, ஒரு தராசு, ஒரு சொல்.

இதையெல்லாம் தொடங்க இந்த மலையில் ஏற்ற மாதம் ஜூன். காய் எடுப்பு இன்னும் ஆரம்பித்திருக்காது, ஸ்டோர் காலியாக இருக்கும், தட்டுகளைக் கழுவிச் சாய்த்து வைத்திருப்பார்கள். படி 1ஐக் காய் இல்லாமலேயே ஒரு வெற்றுச் சாக்கை வைத்துக்கொண்டு நடந்து பார்க்கலாம். தகர வில்லைகள் கம்பத்தில் பாத்திரப் பட்டறைகளில் சொன்னால் அடித்துத் தருவார்கள். எண்ணுக்குக் கீழே கோடும் சேர்த்து அடிக்கச் சொல்லுங்கள்.